ஒற்றைச் சப்பாத்து

குமாரி,

ரப்பர் பால் வெட்டப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். நேற்றுப் போட்ட சண்டைக்காக வயிற்றைக் காயப்போடாதே. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மூக்காயி அத்தையிடம் கொடு.

ஸ்கூலில் ரொபர்ட் சேர் உனக்குக் கொடுத்த அந்தப் பாட்டுக் கதையை நானும் படித்து முடித்தேன். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை தன்னந்தனியாக மலை ஏறுகிறாள். சேருக்கு அது அருமையான புத்தகம். நீ வாசிக்கக் கேட்டு மூக்காயி அத்தை மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு அம்மா என்று ஒருத்தி இருந்திருப்பாளே, அவளைப் பற்றி ஒரு வரி உண்டா? பாட்டு மாதிரிச் சின்னச் சின்ன வரி, பாதிப் பக்கம் வெள்ளையாகத்தானே கிடக்கிறது, அதில் எழுதியிருக்கலாமே?

"சும்மா கதைதானேம்மா" என்றாய். சும்மா கதைக்கு உன் ஸ்கூல் பையில் அப்பாவின் டோர்ச் எதற்கு? பிஸ்கட் எதற்கு? சிவனொளிபாத மலைக்கு பஸ் எப்போது என்று கடையில் விசாரித்தாயாமே. சாவு விழுந்த வீட்டில் வருஷத் தெவசம் முடியாமல் யாரும் மலை ஏறமாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா?

அம்மா

உன் இடது கால் சப்பாத்தைத் தேடாதே. என்னோடு வேலைக்கு வருகிறது. திங்கட்கிழமை ஸ்கூலுக்குத் தருவேன்.

தெவசம் முடியட்டும். எனக்கும் ஒரு சோடி சப்பாத்து வாங்குவோம். அப்பாவின் டோர்ச் வெளிச்சம் இரண்டு பேருக்குப் போதும்.