துரை குடியிருந்த புத்தகம்

சீனி, என் மாமா, என் உயிரே,

போன செவ்வாய்க்கிழமை உனக்குக் கொடைத் திருவிழா நடந்தது. ஆமாம், உனக்குத்தான். கடம்பூர் போகிற பாதையில், உங்கள் பருத்திக் காட்டு ஓரமாக, கிணற்றை ஒட்டிப் பீடம் கட்டியிருக்கிறார்கள். செங்கல்லும் மண்ணும் வைத்து என் இடுப்பு உயரத்துக்கு எழுப்பிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். நீ இப்போது சாமி. சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை.

கல்யாணம் ஆகாமல் அற்பாயுசில் போனவனை அப்படியே விட்டால் அலைந்துகொண்டிருப்பான், பீடம் போட்டு உட்கார வைத்துவிட வேண்டும் என்பது உங்கள் ஊர் வழக்கம். இதைப் பற்றி உன் ஆராய்ச்சியிலேயே எழுதியிருக்கிறாய். அகாலத்தில் செத்தவனைத் தெய்வமாக்குவது, நடந்த அநியாயத்தை மறக்கமாட்டோம் என்று ஊர் சொல்லும் முறை என்று பக்கம் பக்கமாக எழுதினாய். எழுதியவனுக்கே சுண்ணாம்பு அடிப்பார்கள் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தாயா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ ஆங்கிலம் எம்.ஏ., நான் தமிழ் எம்.ஏ. உனக்குக் காலேஜில் வேலை கிடைத்தது, எனக்குக் கோவில்பட்டி பஜாரில் வாப்பாவின் ஜவுளிக்கடை கிடைத்தது. கடை மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். உனக்குத் தங்கை கிடையாது. இருந்திருந்தால் உனக்குத்தான் கட்டிக் கொடுத்திருப்பேன் மாப்ள என்று சொல்லிச் சொல்லியே என்னை மாப்பிள்ளையாக்கிவிட்டாய். அப்படிக் கூப்பிட்டது நீ ஒருத்தன்தான். உன் வீட்டில் மற்ற எல்லாருக்கும் நான் காதர், இல்லாவிட்டால் பாய் வீட்டுத் தம்பி.

வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடுகளின் நாவல்களை எடுத்துக்கொண்டாய். காமன்வெல்த் இலக்கியம் என்று உங்கள் டிபார்ட்மென்ட்டில் அதற்குப் பெயர். அதிலும் பேயும் மாயமும் வருகிற கதைகளாகப் பொறுக்கினாய். ஒன்றில், துரை கப்பலேறிப் போன பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலி சர்க்கார் கச்சேரி வாசலில் வேர் விட்டு மரமாகிறது. இன்னொன்றில், ஒரு தீவு முழுக்க எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் செத்துப்போன தோட்ட முதலாளியின் முகம்தான் தெரிகிறது. இதெல்லாம் மூடநம்பிக்கை இல்லை மாப்ள, கோப்பில் எழுதாமல் விட்ட சரித்திரம் பேயாக வருது என்று குதிப்பாய். மதுரையில் உன் வழிகாட்டி, பேய்க்கதைக்கு டாக்டர் பட்டம் கேட்டுப் போனால் என்னை மந்திரவாதி என்பார்கள் என்று சலித்துக்கொண்டார். நீ விடவில்லை.

துணி சுற்றி வருகிற அட்டைகளில்தான் கதைகளுக்குப் படம் போடுவாய். நாயகன் ஊரைவிட்டுப் போகிறான், தடை விதிக்கிறார்கள், மீறுகிறான் என்று கட்டம் கட்டமாக அம்பு போட்டு எழுதுவாய். தீப்பெட்டி ஆபீஸ் பெண் ஒருத்தி தாவணி எடுக்க வந்தவள், வாப்பா விரித்த துணிக்குள் இருந்த அட்டையைப் படித்துவிட்டு, நாயகன் தடையை மீறுகிறான் என்பது என்ன ரகம், சாயம் போகுமா என்று கேட்டாள். வாப்பா அன்றைக்கு நம்மைத் திட்டிய திட்டு உனக்கு ஞாபகம் இருக்கும்.

மெட்ராஸிலிருந்து, மாயக் கதைகளைப் பற்றி ஒரு மேனாட்டுக்காரர் எழுதிய கோட்பாட்டுப் புத்தகம் ஜெராக்ஸ் தாள்களாக வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். நீ ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பாய், நான் தமிழ் தேடுவேன். ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். நடந்தது மாயமா, அதற்கு இயல்பான காரணம் உண்டா என்று வாசகன் முடிவு செய்ய முடியாமல் நடுவில் நிற்கிறானே, அந்த நிற்கிற நேரம்தான் விந்தைக்கதை என்கிறார் அவர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது வேறு கதையாகிவிடும். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை பெரிய நாவலையெல்லாம் பிரித்துப் போட்டாய்! தாள் ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து. கடைசி அத்தியாயத்துக்கான குறிப்பு முழுவதும் அந்த ஓரங்களில்தான் இருந்தது.

அந்தக் கடைசி அத்தியாயம்தான் உன்னைப் படுத்திவிட்டது. ஆப்பிரிக்கா, தீவு எல்லாம் சுற்றிவிட்டு நம் மண்ணில் முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். கழுகுமலைக்கும் மணியாச்சிக்கும் அலைந்து வில்லுப்பாட்டு வில்லுப்பாட்டாகக் கேட்டாய். வெள்ளைக்காரன் வந்தான், ஆனால் வரி வாங்குகிறவனாக, தூக்குப் போடுகிறவனாக வந்தான். பேயாக ஒரு பாட்டிலும் வரவில்லை. “நம்ம கரிசல்ல ஒரு துரைப்பேய்கூடவா இல்ல மாப்ள? அம்புட்டு லேசாவா அவனை விட்டுட்டோம்?” என்று மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாய். 

பிறகு உன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே அந்தத் தாள்களைப் புரட்டினாய். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது நேரம் கடந்துவிட்டது. கதையில் இப்படி ஒரு சாவு வந்தால் வாசகன் ஒத்துக்கொள்வானா? ஒரு எதிரி இல்லை, ஒரு சாபம் இல்லை, சும்மா செத்துப்போனாய்.

அதைத்தான் கொடையில் வில்லுப்பாட்டுப் பாட வந்த அண்ணாவியும் கேட்டார். சாமிக்குக் கொடை என்றால் சாமி கதையைப் பாட வேண்டும், உனக்கு இன்னும் கதை இல்லை. உன் அம்மா அவரை என்னிடம் அனுப்பியிருந்தார். நீ பிறந்தது, படித்தது எல்லாம் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவர், காமாலை என்றதும் நிறுத்திவிட்டார்.

“கொன்னது யாரு அண்ணாச்சி?”

யாரும் கொல்லவில்லை, நோய் என்று மறுபடியும் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

“யாருமே கொல்லாதவன் எப்படி அண்ணாச்சி சாமியாவான்? நான் எதைச் சொல்லிப் பாடுதது?”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நீ அட்டையில் போட்ட கட்டங்களையே அந்த மனுஷர் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது புரிந்தது, அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. எதையாவது பாடிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே அம்மா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்த களைப்பு. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அந்தச் சீமைப் புத்தகம் உங்கிட்டதானய்யா இருக்கு என்று கேட்டார். பீடத்துக்கு அடியில் ஒரு குழி விட்டு வைத்திருக்கிறார்களாம். கொன்றவன் சாமியின் காலடியில் கிடக்க வேண்டும், அதுதான் முறையாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவைப் பொறுத்தவரை உன்னைக் கொன்றது அந்த ஜெராக்ஸ் தாள்.

சீனி, என்னிடம் உன்னுடையது என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். டைப் அடித்த அத்தியாயங்களெல்லாம் மதுரையில் உன் வழிகாட்டியிடம் கிடக்கின்றன. செத்தவனுக்குப் பட்டம் கொடுக்க வழி இல்லை என்று எழுதிவிட்டார். இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நானாவது அந்தக் கடைசி அத்தியாயத்தை முடித்து எங்கேயாவது அச்சில் போட வேண்டும் என்ற ஒரே நினைப்பில்தான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினேன். அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். அது வெறும் தாள்தாம்மா, அதில் ஒன்றும் இல்லை என்றேன்.

“வெறும் தாளுக்கா எம்புள்ள ராப்பகலா கண்ணு முழிச்சான்?” என்று கேட்டார். “அதுக்குள்ள ஒருத்தன் இருக்கான் காதரு. அவன் எம்புள்ள கண்ணைப் பாத்துட்டான்.”

நாம் எத்தனை வருஷம் கோட்பாடு படித்தோம்? அத்தனையையும் விட்டுவிட்டு மாடிக்குப் போய்த் தாள்களை எடுத்து, ஓரங்களை ஒருமுறை பார்த்தேன். பாதி எனக்குப் புரியாத உன் சுருக்கெழுத்து. கடைத் துணியிலேயே ஒரு முழம் கிழித்து, கட்டி, அம்மா கையில் கொடுத்தேன்.  படி எடுத்துக்கொண்டு கொடுத்திருக்கலாமே என்று கேட்பாய். அம்மாவை நிற்க வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடச் சொல்கிறாயா? அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் கொடுத்திருப்பாய்.

கொடையன்றைக்குக் காலையிலேயே அதைக் குழியில் வைத்துக் கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டார்கள். உச்சி வெயிலில் வில்லை நாட்டினார்கள். காடெல்லாம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. படையலில் கடம்பூர் போளி இருந்தது, உனக்குப் பிடிக்கும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அண்ணாவி பாடினார், பின்பாட்டுக்காரர்கள் ஆமாம் போட்டார்கள். நீ பிறந்தாய், பள்ளிக்கூடம் போனாய், சீமைப் படிப்பெல்லாம் படித்து முடித்தாய். அதுவரைக்கும் சரிதான். அப்புறம் அவர் சொன்னதைக் கேள். கச்சேரியை, பங்களாவை, தண்டவாளத்தை எல்லாம் விட்டுவிட்டு ஊருக்குப் போன துரைமார்களில் ஒருத்தனுக்கு மட்டும் இந்த மண்ணை விட்டுப் போக மனசில்லையாம். உடம்பு கப்பலில் போனது, உசிர் போகவில்லை. கல்லுக்குள் ஒளிந்தால் சாமி இருக்கிறது, மரத்துக்குள் ஒளிந்தால் முனி இருக்கிறது, எங்கே ஒளிவது என்று பார்த்து ஒரு புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டானாம். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருத்தன் திறக்கட்டும் என்று காத்துக் கிடந்தானாம். நீ திறந்தாய். எழுத்து எழுத்தாக ஊர்ந்து வந்து உன் கண்ணில் இருந்த வெள்ளையைக் குடித்தானாம். அதனால்தான் உன் கண் மஞ்சளானது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துரைப்பேய், சீனி! நீ தேடித் தேடிக் கிடைக்காத துரைப்பேய் உன் சொந்தக் காட்டில், உன் பாட்டிலேயே வந்துவிட்டது. எவ்வளவு பெரிய உதாரணம், எந்த ஆப்பிரிக்க நாவலில் இருக்கிறது இப்படி ஒன்று! ஏலே சீனி, கேட்டியா என்று உன் தொடையில் தட்டத் திரும்பினேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

உனக்கு ஓர் அத்தியாயம் கிடைக்க நீயே சாக வேண்டியிருந்ததா? இது என்ன நியாயம்? அந்தக் கோட்பாடெல்லாம் இதற்குத்தானா? அண்ணாவி நீ சாகும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். உடுக்கையின் வேகம் கூடியது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், பஸ் போகிற ரோட்டைப் பார்த்து நடந்தேன்.

பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. திரும்பினால் உன் சித்தப்பா. அவர்தான் உன் பீடத்துக்குச் சாமியாடி. உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர், கண் செருகியிருந்தது. கூட்டம் பின்னாலேயே வந்து நின்றது. எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசிக்கொண்டிருந்த மனுஷர் என் நெற்றியைத் தொடவில்லை. என் தோளைப் பிடித்தார்.

“எங்கன போற மாப்ள? உக்காரு.”

பாய் வீட்டுத் தம்பி என்று கூப்பிடுகிற மனுஷர்.

இயல்பான காரணம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? நீ என்னை அப்படிக் கூப்பிடுவதை அவர் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். ஆனால் அந்தக் குரலில் நீ இழுக்கிற இழுப்பு இருந்தது. இல்லை, இருந்தது என்று நான் ஆசைப்பட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் விந்தைக்கதை என்று நீ எழுதிவிட்டுப் போய்விட்டாய். நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று எங்கேயாவது எழுதினாயா? நம்பினால், நீ அந்தச் சுண்ணாம்புக் கட்டிக்குள் இருக்கிறாய், பேச ஆள் இல்லாமல், வெயிலில். நம்பாவிட்டால், நீ எங்கேயுமே இல்லை. எது தேவலை என்று நீயே சொல்.

நான் உட்காரவில்லை. அவர் கையை விலக்கிவிட்டுப் போய்விட்டேன். வெறுங்காலோடு பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து மாடிக்குப் போகவில்லை. அட்டைகளை வாப்பா எடுத்து மறுபடியும் துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். கடைசி அத்தியாயத்தை நான் எழுதப்போவதில்லை. குறிப்பு மண்ணுக்குள் இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. உன் சாவை உதாரணமாகக் காட்டி அடிக்குறிப்புப் போட என் கை வராது. எழுதினால் யார் படித்துவிட்டு மாப்ள என்று கத்தப்போகிறார்கள்?

ஒன்று மட்டும் செய்வேன். அடுத்த வருஷமும் உனக்குக் கொடை உண்டு என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார், என் செருப்பையும் எடுத்து வைத்திருக்கிறாராம். வருவேன். துரை வருவான், உன் கண் மஞ்சளாகும், உடுக்கை ஏறும். நீ சாகிற இடம் வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கடைசிவரை கேட்பேன். சொன்னது நீதானா, சித்தப்பாதானா என்று இனி யாரிடமும் கேட்கமாட்டேன். உட்காரச் சொன்னாய், உட்காருகிறேன்.

உனக்கு இல்லாத தங்கையைக் கட்டிக்கொண்ட
உன் மாப்பிள்ளை,
காதர்