நான்கு பர்னர் அடுப்பு

தலைச்சோலை,
14.12.1986

என் அன்புள்ள கணவருக்கு,

பெங்களூரில் நீங்கள் வாங்கி அனுப்பிய அடுப்பு முந்தாநாள் லாரியில் வந்து சேர்ந்தது. மேலே நான்கு பர்னர், கீழே கண்ணாடிக் கதவு வைத்த ஓவன். வேலைக்கு வரும் காளியாயி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்னங்கம்மா, பீரோவுங்களா?" என்று கேட்டாள்.

'கேஸுக்கு நான் வந்து எழுதிக் கொடுக்கிறேன், நீ அலையாதே' என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் குடகு எஸ்டேட்டிலிருந்து வரும்போது அந்த ஓவனில் கேக் சுட்டு வைத்திருக்க ஆசைப்பட்டு, நேற்று ரேஷன் கார்டோடு மலையிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

கேஸ் ஆபீஸ் கிளார்க் உங்கள் பெயரைக் கேட்டதும் நோட்டைப் புரட்டினார்.

"ஏனுங்க, சார் பேர்ல அடிவாரத்துல மூணு வருசமா கனெக்‌ஷன் இருக்குதுங்களே. போன வாரங்கூட அவரு சம்சாரம் கைக்கொழந்தையோட வந்து சிலிண்டருக்குப் பதிஞ்சுட்டுப் போனாங்க. நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?"

கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் காட்டினார். உங்கள் கையெழுத்துதான்.

நான் ரேஷன் கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தங்கச்சிங்க" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ் அடிவாரத்தில் நின்றது. நான் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை ஏறியது நினைவில் இல்லை.

இன்று காலை அதே லாரிக்காரரைக் கூப்பிட்டு, பாரத்தில் பார்த்த விலாசத்துக்கு அடுப்பை ஏற்றி அனுப்பிவிட்டேன். சிலிண்டர் அங்கேதானே இருக்கிறது. எனக்குக் காப்பித் தோட்டத்து விறகு போதும். கிறிஸ்துமஸ் கேக்கையும் அங்கேயே சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி