பின்வரிசைக்கு மட்டும் லீவு

1953, கார்த்திகை. வெள்ளி இரவு.

அருமனைப் பள்ளிக்கு இன்று இன்ஸ்பெக்டர் வந்தார்; என்னையும் அழைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பின் பின்வரிசை மட்டும் காலி. எழுத்தே பிடிபடாத அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஹெட்மாஸ்டருக்கும் வாத்தியார்களுக்கும் செய்துகாட்டத்தான் சனிக்கிழமைதோறும் மார்த்தாண்டத்திலிருந்து போய்வந்தேன். போன வாரம் அவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்தபோது ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"பின்வரிசை எங்கே?" என்று அவரிடம் கேட்டேன்.

"நாந்தான் வரண்டாம்னு சொன்னேன் சாறே. இன்ஸ்பெக்டருக்க முன்னால மானத்தை வாங்கீரும்லா?"

பாவி! அன்றைக்கு அழுதது என்ன நடிப்பா? முன்வரிசை வாசித்தது, இன்ஸ்பெக்டர் மெச்சினார். எனக்கு மாலை வேறு.

திரும்பும் வழியில் அந்தப் பிள்ளைகள் ஓடையில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி ஓடிவந்தாள்.

"சாறே, நாங்க நல்லா வாசிச்சோம்லா, அதுக்கு எங்களுக்கு மட்டும் இண்ணைக்கு லீவு. ஹெட்மாஸ்டர் சொன்னாரு."