நீ எழுந்து போன தேர்வு

இன்று காலை சாரல் ஜன்னல் வழியாக வந்து லேப்டாப்பில் தெறித்தது. "ஏட்டி, மெஷினு செத்துரும், மூடு!" என்று கத்த நீ இல்லை. துடைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

குத்துக்கல்வலசையில் உன் வீட்டு மாடியறையில் வீடியோ பார்த்தே நாம் இருவரும் புரோகிராமிங் படித்தோம். உனக்கு முதலில் வேலை கிடைத்தது. அதே கம்பெனியில் எனக்குத் தேர்வு வந்தபோதுதான் வினை வந்தது. அங்கே எல்லாம் ஃபங்ஷனல் முறை. ஒரு மதிப்பை வைத்தால் வைத்ததுதான், பிறகு அதில் கைவைக்கக் கூடாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் எழுதக் கூடாது. நானோ ஓடும்வரை எதையாவது மாற்றி மாற்றிப் போட்டே பழகியவள். கையைக் கட்டிவிட்டுச் சோறு தின்னச் சொன்ன மாதிரி இருந்தது. எத்தனை தடவை அழுதிருப்பேன்! "இருக்கத மாத்தாதட்டி, புதுசா ஒண்ணு செய்யி" என்று நீயும் விடாமல் சொல்லுவாய்.

தேர்வன்றும் சாரல்தான், உன் வீட்டு மாடியறைதான். வீடியோவில் தேர்வு நடத்தும் பெங்களூர்க்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வேலையும் தவறினால் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டுக் கல்யாணம் என்று என் வீட்டில் சொல்லியாயிற்று. நீ கேமராவில் படாமல் எதிரே இருந்தாய். பழக்கதோஷத்தில் கை லூப் எழுதியது, அழித்தேன். மறுபடி எழுதியது, மறுபடி அழித்தேன். "இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு" என்றார் அவர். கரண்ட் வேறு போகப் பார்த்தது. உனக்கு விடை தெரியும். கெஞ்சுவதுபோல் உன்னைப் பார்த்தேன். நீ எழுந்து வெளியே போய்விட்டாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடி என்று மனசுக்குள் திட்டியபடி திரையை முறைத்தேன். அப்போது ஏனோ புளியங்குடியில் உன் வாப்பாவின் எலுமிச்சைக் கடை நினைவுக்கு வந்தது. லீவு நாட்களில் அங்கே காய் பிரிப்போமே! ஒருத்தி முதல் மூட்டையை மட்டும் அவிழ்ப்பாள், மிச்சத்தை அப்படியே அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். அவளும் அதையே செய்வாள். மூட்டை தீர்ந்தால் வேலை தீர்ந்தது. அதைத்தான் எழுதினேன். முதலாவதை மட்டும் பார், மிச்சத்தை அதே ஃபங்ஷனிடம் கொடு. ஓடியது.

வேலை கிடைத்த பிறகும் உன்னிடம் சண்டை போட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னட்டி கொறஞ்சிருப்ப?" நீ சிரித்தே மழுப்பிவிட்டாய். அடுத்த சாரல் காலத்துக்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு உன் உம்மா சொன்னார்: "ஒன் பரீட்ச அன்னிக்கு அடுப்பங்கரைக்கு வந்து வாயில துணிய அடச்சிக்கிட்டு நின்னா. 'அங்கன இருந்தா சொல்லிருவேன் உம்மா, பொறவு எதுக்கெடுத்தாலும் அவ என் மொகத்தயே பாப்பா'ன்னு அழுதா புள்ள."

எனக்கு இப்போது வேலை நன்றாகவே வருகிறது. ஆனால் எங்கே சிக்கினாலும் முதலில் எதிரே நீ இருந்த இடத்தைத்தான் பார்க்கிறேன்டி. அது ஒன்று மட்டும் நீ நினைத்தபடி நடக்கவில்லை.