மூன்றாம் கம்பியின் ஸ்க்ரூ

என் செல்லத் தங்கச்சி எஸ்தருக்கு,

மல்லாபூரிலிருந்து அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் மதினிக்குத்தான் முழங்கால் வலி. எனக்கு ஒன்றுமில்லை, டாக்டரே என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு உடம்பா என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நீ புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. சரி, எழவில்லை. சிரித்தார்.

உன் கிடாரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஆராதனையில் நீ நிற்கும் இடத்தில் நின்று, உன் கிடாரையே வாசிக்கிறேன் என்று உன் மகள் பெனிட்டா போதகரிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்திருக்கிறாள். இந்த ஊர்க் கோடை முழுக்க உள்ளேயே கிடந்து காய்ந்ததில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பசை விட்டு எழும்பியிருந்தது. அதன் அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையை நுழைக்கலாம்.

கடையில் கொடுக்கப் போவதாகப் போனில் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். இருபத்தாறு வருஷமாக அந்தக் கிடாருக்கு டாக்டர் யார் என்று கேட்டேன். "ஹவ் மாமா, ஆமா, நீங்கதான். வாங்க," என்றாள்.

வேறு யார்? நாச்சாரம் ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்த இன்ஜினியர் என் அரத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த அரத்தால்தான் உன் கிடாரின் தலைப்பக்கம், கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டையில், பள்ளங்களை முதல் தடவை ஆழமாக்கிக் கொடுத்தேன். கம்பி பட்டுமாதிரி அமுங்கும் என்றேன். அடுத்த ஞாயிறு நீ வாசித்தபோது கோயிலில் ஐந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சரி, நூறு பேர்.

அதைவிட என் கண்ணுக்குத்தான் பேர். மாதத்தில் முதல் சனிக்கிழமை உன் போவன்பள்ளி வீட்டுக்குள் டூல்பாக்ஸோடு நுழைந்ததும், கிடாரின் தலையில் கம்பியை முறுக்கும் கீகளை ஒரு பார்வை பார்ப்பேன். "மூணாவது கம்பி கீயில ஸ்க்ரூ ஆடுது பார்," என்பேன். ஆடும். ஒரு தடவைகூட தப்பியதில்லை. "எப்படிண்ணே கண்டுபிடிச்சே?" என்று கேட்பாய். மல்லாபூரில் இந்தக் கதையைக் கேட்காத டீக்கடை கிடையாது.

இந்தத் தடவை உனக்காகப் பொறுமையாகச் செய்தேன், எஸ்தர். கம்பிகளைக் கழற்றி, ஈரத்துணியை வெதுவெதுப்பாக வைத்து ஊறவிட்டு, பழைய பசையை பிளேடால் துளித்துளியாகச் சுரண்டினேன். மரப்பசை தடவி, பலகையில் தடம் விழாமல் அடியிலும் மேலுமாக மரத்துண்டு வைத்து, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அவசரப்படாமல் இரண்டு நாள் விட்டேன். நான் இரண்டு நாள் ஒரு பொருளைத் தொடாமல் இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை கம்பி மாட்டி, வழக்கம்போல ஆடிய மூன்றாம் கம்பி ஸ்க்ரூவையும் இறுக்கினேன். பிரிட்ஜ் அசையவில்லை. ஆனால் தலைப்பக்கம் கம்பி கொஞ்சம் உயரமாக நிற்பதுபோல எனக்குப் பட்டது. அரத்தை எடுத்தேன். பெனி ஓடிவந்து உள்ளங்கையால் அந்த வெள்ளைக் கட்டையை மூடிக்கொண்டாள்.

"நக்கோ மாமா, வேணாம். இத மட்டும் தொடாதீங்க. ப்ளீஸ்."

ஏன் என்று கேட்டேன். கையை எடுத்துக் காட்டினாள். பள்ளங்களுக்குள் வெள்ளையாக என்னவோ கல்மாதிரி இறுகிக் கிடந்தது.

"ஆப்பசோடா, மாமா. சோடாவைப் போட்டு, மேல ஒரு சொட்டு பசை விட்டா கல்லாயிடும். நீங்க ஆழமா ராவிட்டுப் போனா கம்பி அடியில இடிச்சு ஜிர்ருன்னு சத்தம் வரும். அம்மா அதை மறுபடி நிரப்பி, பாத்துப் பாத்துத் தேய்ப்பாங்க. ஒவ்வொரு தடவையும்."

அதோடு நிற்கவில்லை. உன் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலை நிறுத்துகிறேன் என்று பிளக்கில் எர்த் ஒயரை வெட்டிவிட்டேனே, அந்தச் சாகசத்தை மூன்று கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேனே, அன்று மாலையே நீ அதைச் சேர்த்துவிட்டாயாம். வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தது, ஷாக் அடித்திருக்கும். என் புத்தி எங்கே போயிற்று? இதையெல்லாம் உங்கம்மா எங்கே கற்றாள் என்று பெனியிடம் கேட்கவில்லை. கேட்டால், நான் எங்கே கற்றேன் என்று அவள் கேட்பாள்.

ஒன்றே ஒன்று கேட்டேன். உங்கம்மா ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அவள் கிடாரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சும்மா வாங்கன்னா அண்ணன் வர மாட்டாங்க, கிடார் கெட்டுப்போச்சுன்னா ஓடி வருவாங்கன்னு அம்மா சொல்வாங்க, மாமா. அந்த ஸ்க்ரூகூட... நீங்க வர்ற அன்னிக்குக் காலைல அம்மாவே அரைச் சுத்து லூஸ் பண்ணி வெப்பாங்க. இந்தத் தடவை நான்."

பசை வாடையில் கண் எரிந்தது. நம்பமாட்டாய், அந்தப் பசைக்கு வாடையே கிடையாது.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம், மாதம் ஒரு அரைச் சுற்று. என்னை வரவைக்க நீ அவ்வளவு சுற்றியிருக்கிறாய். சும்மா வந்திருக்கமாட்டேனா, தங்கச்சி? வந்திருக்கமாட்டேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று கடைசியாக ஒரு பார்வை பார்க்கப் போனேன். பெனி வாசித்துக் காட்டினாள். பிரிட்ஜ் பிடித்து நிற்கிறது. சத்தம் உன் சத்தம்தான், இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. காபி போடுகிறேன் என்று அவள் உள்ளே போனதும் கிடாரை மடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் கம்பி கீயின் ஸ்க்ரூ ஆடியது. புதன்கிழமை என் கையால் இறுக்கியது. சரியாக அரைச் சுற்று.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து இறுக்கிக்கொண்டே, "மூணாவது கம்பி ஸ்க்ரூ ஆடுது பார், பெனி," என்றேன். அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

ஞாயிற்றுக்கிழமை கிடாரைச் சரிசெய்தது யார் என்று கோயிலில் கேட்பார்கள். பிரிட்ஜை ஒட்டியது நான், மற்றதெல்லாம் என் தங்கச்சி என்று சொல்வேன். அந்த வெள்ளைக் கட்டையில் இனி அரம் படாது. ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை போவன்பள்ளிக்கு வருவேன், ஸ்க்ரூ ஆடினாலும் ஆடாவிட்டாலும். சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் மட்டும் இருக்கும்.

உன் அண்ணன்,
பெனியின் தாய்மாமன்,
தங்கராஜ்