சீசன் முடியட்டும் என்றிருந்த எட்டு நாள்

இன்று காலையில் பக்கத்து வீட்டுச் செல்வி கதவைத் திறந்ததும் அந்த எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. ஒடிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர்கள் மூலிகை போட்டுக் காய்ச்சுவார்களே, அந்தக் கருப்பு எண்ணெய். நேற்றுச் சாயங்காலம் கடையநல்லூரிலிருந்து மொபெட்டில் வரும்போது ஒரு கார் அவளைத் தட்டிவிட்டிருக்கிறது. வீங்கின மணிக்கட்டில் துணி சுற்றி எண்ணெயை ஊற்றிக்கொண்டு, "ரெண்டு நாள்ல சரியாப் போவும் அண்ணாச்சி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் அவளை ஆட்டோவில் ஏற்றி, தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்து முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உன் நினைவுதான். நீ இருந்திருந்தால், "பரவால்லலே, உனக்கும் கொஞ்சம் மூளை இருக்கு" என்றிருப்பாய். உன் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிறவன் சீசனில் வேறு எதையும் செய்யமாட்டான். பல் வலித்தாலும், கூரை ஒழுகினாலும், பெண் பார்க்க வருகிறோம் என்று ஆள் அனுப்பினாலும் ஒரே பதில்தான்: சீசன் முடியட்டும். சாரல் விழுகிற இரண்டு மூன்று மாதத்தை நம்பித்தான் எங்களுக்கு மிச்ச வருஷம். உனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே எரியும். நீ தென்காசியில் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருந்தவன். ஒரே வகுப்பில் படித்த நாம், நான் மங்குஸ்தான் கூடையோடும் நீ மனுக்களோடும், நாற்பதைத் தாண்டியிருந்தோம்.

அப்படி ஒரு சீசனில்தான், கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்த என்மேல், பின்னோக்கி எடுத்த ஒரு டூரிஸ்ட் வேன் மோதியது. வலது காலில் நல்ல அடி. வேன்காரர் வடகரைக்காரர், சொந்த வண்டி. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கேஸுன்னு போனா வண்டியக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல போட்டுருவாவ. சீசன்ல வண்டி நின்னா நான் செத்தேன். சீசன் முடியட்டும், நானே வந்து எல்லாம் செய்யுதேன்."

நான் ஊருக்கெல்லாம் சொல்கிற வார்த்தையை அவர் எனக்கே சொன்னதும் மனசு இளகிவிட்டது. கட்டுப் போடுகிறவரிடம் போய்க் கட்டிக்கொண்டு, மறுநாளே காலை ஒரு பழப்பெட்டியின் மேல் நீட்டிவைத்துக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.

எட்டாம் நாள் என் மனைவி சரசு உனக்குப் போன் போட்டுவிட்டாள். சனிக்கிழமை, அருவிக்கரையில் ஜே ஜே என்று கூட்டம். நீ நேராகக் கடைக்கு வந்து என் காலைப் பார்த்தாய்.

"ஏலே கோட்டிக்காரா, போலீசுக்குப் போனியா?"

"சீசன் முடியட்டும்னு..."

"சீசன் முடிஞ்சா தீபாவளிம்ப. அது முடிஞ்சா அய்யப்ப சாமிமார் கூட்டம்ப. ஆறு மாசத்துக்குள்ள நஷ்டஈட்டு மனுப் போடணும்னு சட்டம் இருக்குலே. தாமதத்த மன்னிக்கணும்னு மனு அடிச்சு அடிச்சே என் விரலு தேஞ்சுபோச்சு. உனக்கும் ஒண்ணு அடிக்க வச்சிராத."

"பாவம்லே அந்த ஆளு. அவன் பொழப்பு..."

"அவன் கையிலருந்தா கேக்குதோம்? இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டுதான்?"

பழம் வாங்க நின்றவர்களிடம் "கடை அடைச்சாச்சு" என்று சொல்லி, நீயே தார்ப்பாயை இழுத்து மூடினாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சனிக்கிழமை வியாபாரம்! தென்காசி வந்து சேரும்வரை உன்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு விலகி நிற்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கோணலாகவே கூடியிருக்கும் என்றார். ஆபரேஷன் செய்தாலும் இனிமேல் சுமை தூக்குவது சந்தேகம்தான் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கூடை சுமக்க முடியாத பழக்கடைக்காரன் என்ன செய்வான்? நீ அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. விபத்துப் பதிவேட்டில் வேன் மோதியது என்று எழுதுகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர், "எட்டு நாளா என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். நீ முந்திக்கொண்டு, "சீசன் சார்" என்றாய். அருவிக்கரைப் பந்தோபஸ்தில் கண் சிவந்து போயிருந்த மனிதர் அவர். சிரித்துவிட்டார். "அதையே காரணமா எழுதித் தாங்க" என்றார். நீ எழுதினாய், எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்.

அத்தோடு நீ விடவில்லை. மோதின இடத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு கேமரா இருந்தது. அதில் படம் பத்து நாளைக்குத்தான் நிற்கும், பிறகு தானாக அழிந்துவிடும் என்றார் கடைக்காரர். ஒன்பதாம் நாள் ஒரு போலீஸ்காரரைக் கையோடு கூட்டிப்போய் அதை எடுக்கவைத்தாய்.

சீசன் முடிந்தது. வேன்காரர் வரவில்லை. "அவரு சாரல்ல வழுக்கி விழுந்தாரு, நான் தூக்கித்தான் விட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கெட்டவர் என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை. பயந்துபோனவர், அவ்வளவுதான். கேமராப் படத்தைக் காட்டியதும் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கு இழுத்தது, ஆனால் முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுத்தது. ஆபரேஷனுக்காகச் சரசு கழற்றிக் கொடுத்த வளையல்கள் அவள் கைக்கே திரும்பின. வேன்காரரும் வேனை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கடைப்பக்கம் வந்தால், "கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்காமல் போகமாட்டார். நான் உனக்கு நன்றி சொல்ல வந்தால் மட்டும், "போலே, ரெண்டு ரம்புட்டான் குடு" என்று வாயை அடைத்துவிடுவாய்.

இன்று செல்வியின் எக்ஸ்ரேயில் ஒரு விரிசல் தெரிந்தது. பதிவேட்டில் எழுதி, மாவுக்கட்டும் போட்டாகிவிட்டது. "ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போவமே அண்ணாச்சி, வீட்டுல சோறு வடிக்கணும்" என்றாள். "இப்பவே போறோம்ட்டி" என்று ஒரு அதட்டல் போட்டேன். என் வாயில் உன் அதட்டல் வந்ததில் எனக்கே சந்தோஷம்.

எல்லாரையும் அவசரப்படுத்தினவன், போன வருஷம் நீயும் அவசரமாகப் போய்விட்டாய். நெஞ்சு வலி, அரை மணி நேரம். அதில் மட்டும் நீ எவ்வளவு வேண்டுமானாலும் தாமதித்திருக்கலாம்லே. உன்னைத் தூக்க ஆள் சேர்ந்தபோது முன்பக்கத்துக்கு நான் போய் நின்றேன். அழுதுகொண்டிருந்த உன் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, உங்க காலு..." என்றாள். "ஒண்ணும் செய்யாது தாயி" என்றேன். வழியில் தோள் மாற்ற இரண்டு மூன்று பேர் வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. சிற்றாற்றங்கரை வரைக்கும் உன்னைச் சுமந்து நடந்தேன். என் கால் ஒரு இடத்திலும் பிசகவில்லை.