தோள் தாங்கும் துப்பாக்கி

செப்டம்பர் 7

பிசியோதெரபி ஷானன் இன்று என் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். வலித்தது. முகத்தில் காட்டவில்லை. "நல்லாவே வருது டார்லா. பனி விழ ஆரம்பிச்சதும் நீங்க வண்டி ஓட்டலாம்" என்றாள். மார்ச்சில் சாலைப் பனி தள்ளும் வண்டியின் படியில் கால் வழுக்கி, ஒரு கையில் தொங்கியபோது கிழிந்த தசை. ஆணி வைத்து எலும்போடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.

"நவம்பர்ல மான் சுடலாமா?" என்று கேட்டேன்.

அவளும் இந்த ஊர்ப் பெண்தானே. "எந்தத் துப்பாக்கி?" என்றுதான் முதலில் கேட்டாள். என் பழைய .30-06 என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். "அது வேணாம். தச்ச இடத்துலயே ஓங்கிக் குத்தின மாதிரி ஆயிடும். உதை கம்மியா இருக்கிறதாப் பாருங்க."

மாலையில் அண்ணன் ஆர்வோ வந்தான். ஏலக்காய் ரொட்டியைக் காபியில் முக்கிக்கொண்டே, ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம் போலச் சொன்னான்: "இந்த வருஷம் நீ வேட்டை கேம்ப்ல சமையலப் பாத்துக்க. உன் பரண்ல பிரெட் உக்காரட்டும்."

பிரெட் அவன் மகளைக் கட்டியவன். தெற்கே லான்சிங் நகரத்திலிருந்து வந்தவன், நல்ல பையன். அவன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சீடர் மரச் சதுப்பின் ஓரத்துப் பரண் என்னுடையது. எங்கள் கேம்ப்பில் ஒரு பரணில் ஒருவர் ஒரு பருவம் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுப்ப முடியாது. ஆர்வோவே அப்படித்தான் மேட்டுப் பரணைப் பிடித்தான்.

"ஷானன் வேணாம்னு சொன்னது என் பழைய துப்பாக்கியத்தான். வேட்டைய வேணாம்னு யாரும் சொல்லல" என்றேன்.

"அப்ப எதை வெச்சு சுடுவ? உண்டிவில்லா?"

எதை வைத்து? அதுதான் கேள்வி. பதில் கடையில் இருக்கிறது.

செப்டம்பர் 9

புருஷனிடம் சொன்னேன், புதுத் துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்று. கிளென் செய்தித்தாளை இறக்காமலே, "பாத்திரம் கழுவுற மெஷின் அடுத்த வருஷம்னு சொல்லு" என்றான். ஆமாம், அடுத்த வருஷம்.

செப்டம்பர் 14

மைலோவின் துப்பாக்கிக் கடை. மேசை மீது நாலு துப்பாக்கிகளைப் பரப்பிவிட்டு, வாய் திறக்காமல் நின்றான். அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். பெண்பிள்ளை வந்தால் இளஞ்சிவப்பில் எதையாவது எடுத்து நீட்டுகிற கடைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.

.308: எல்லாப் பெட்ரோல் பங்கிலும் தோட்டா கிடைக்கும், ஆனால் உதை என் பழைய துப்பாக்கிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 6.5 கிரீட்மூர்: தூரத்தில் சுடுகிறவர்களின் செல்லம். எனக்குத் தூரம் எதற்கு? என் பரணிலிருந்து நூறு கெஜத்துக்கு மேல் மரமும் மூடுபனியும்தான். 7 எம்.எம்-08: எல்லாம் நடுத்தரம், மனசுக்குப் பிடித்தது. ஆனால் நம் பக்கத்தில் தோட்டா தேடி அலைய வேண்டும். .243: உதை பாதிகூட இல்லை, தோட்டா எங்கும் கிடைக்கும். குண்டுதான் சின்னது.

முதலில் கையில் எடுத்தது இறகு மாதிரி ஒரு துப்பாக்கி. தூக்கி நடக்கச் சுகம். மைலோ அப்போதுதான் வாயைத் திறந்தான்: "தூக்கறப்ப சுகமா இருக்கும். அந்தச் சுகத்துக்கு வட்டியும் முதலுமா தோள்ல வாங்கிக்கும்." எனக்கும் அது தெரியும். கனமான துப்பாக்கி உதையில் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஆனாலும் கை அந்த மெலிந்ததையே தேடிப் போனது. மனுஷ புத்தி.

.308-ஐயும் .243-ஐயும் சுட்டுப் பார்க்கக் கொடுத்து அனுப்பினான்.

செப்டம்பர் 22

சுடுதிடலில் கிளென் ஒரு வேலை செய்தான். ஒவ்வொரு முறையும் அவனே துப்பாக்கியை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டுக் கொடுத்தான். சில தடவை தோட்டா போடாமலே கொடுத்தான். எது எதுவென்று எனக்குத் தெரியாது.

.308-இல், தோட்டா இல்லாத முறையிலும் விசையை அழுத்தியதும் குழல் முனை சடக்கென்று கீழே குனிந்தது. வெடிக்கவே இல்லை, ஆனால் நான் பயந்தாயிற்று. கண்ணும் மூடிக்கொண்டது. கிளென் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் சில்லென்றிருந்தது. நிஜமாகவே தோட்டா இருந்து, எதிரே மான் நின்றிருந்தால்? வயிற்றில் பட்டிருக்கும்.

.243-இல் முனை அசையவில்லை. வெறும் 'டிக்'. வெடித்த முறைகளிலும் குண்டுகள் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின.

"சின்னது டார்லா. எலும்புல பட்டா?" என்றான் கிளென்.

"எலும்புல சுட மாட்டேன்."

இதுதான் முடிவு. கனமான மரக்கட்டை வைத்த .243, உடையாத செம்புக் குண்டு. அதற்கு நான் கொடுக்கும் விலை: நுரையீரலில் படுகிற மாதிரி மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நூறு கெஜத்துக்குள் நிற்க வேண்டும். இல்லையென்றால் விரல் விசைக்குப் போகாது. பெரிய துப்பாக்கி என்றால் கொஞ்சம் கோணலாக நின்றாலும் துணியலாம். இதில் துணியக் கூடாது.

அக்டோபர் 5

வாங்கியாயிற்று. வாதுமை மரக் கட்டை, கறுப்புக் குழல். கன்னத்தில் வைத்தால் நெடுநாள் பழகியது மாதிரி உட்காருகிறது.

அக்டோபர் 12

இன்று சட்டை போடும்போதுகூடத் தோள் வலித்தது. ஆர்வோவிடம் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 20

ஆர்வோ வீட்டு சாவ்னா, நீராவிக் குளியல். குளித்துவிட்டு எல்லாரும் ஈரத் தலையோடு சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தோம். கிளென் சும்மா இருக்காமல் புதுத் துப்பாக்கியின் அளவைச் சொல்லிவிட்டான்.

"இருநூத்தி நாப்பத்தி மூணா?" ஆர்வோ சாசேஜைக் கீழே வைத்தான். "அது என்ன, அணில் புடிக்கவா? மானுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டப் போறியா?"

"உன் முந்நூறு மேக்னத்த வெச்சு நீ யானையா சுடற?"

"என்னுது எங்க பட்டாலும் விழும்."

"பட்டாத்தானே."

பிரெட் பலமாகச் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். மாமனார் முகம் அப்படி. நாலு வருஷம் முன்பு மேட்டில் ஒரு பெரிய கொம்பன் மானைத் தவறவிட்ட பிறகுதான் ஆர்வோ பேய் மாதிரி உதைக்கிற அந்த மேக்னத்தை வாங்கினான். அதற்கப்புறமும் அவன் கொண்டுவந்தது ஒன்றோ இரண்டோதான். 'பட்டாத்தானே' என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ஆர்வோ சாசேஜைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னான்: "சரி. அந்தப் பொம்மைய எடுத்துட்டு வா. இந்தப் பருவத்துல ஒரு கொம்பன அடிச்சா பரண் உன்னுது. இல்லேன்னா பிரெட்டுக்கு. பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

கிளென் வண்டியில் வரும்போது கேட்டான், "எதுக்கு ஒத்துக்கிட்ட? அது உன் எடம்தானே?" என் இடம்தான். அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

நவம்பர் 14

கேம்ப். முழங்கால் வரை பனி. வந்ததும் அடுப்பு மூட்டி, இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டிகளைச் சூடாக்கினோம். என் கோட்டு மாட்டும் ஆணியில் யாரோ தக்கை சுடும் பொம்மைத் துப்பாக்கி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. அதை எடுத்து ஆர்வோவின் காதுக்குப் பக்கத்தில் சுட்டேன். காபி கொட்டியது. இரவுச் சாப்பாடு கலகலப்பாகப் போயிற்று.

நாளை விடிந்தால் பருவத்தின் முதல் நாள். எனக்கு ஒரு படபடப்பும் இல்லை.

நவம்பர் 15

வந்தது.

வெளிச்சம் சாம்பலாக இருந்த நேரம், சீடர்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது. இந்தச் சதுப்பில் இவ்வளவு பெரிய கொம்பை நான் பார்த்ததில்லை. நாற்பது கெஜம் இருக்கும். நேரே என்னைப் பார்த்து நின்றது. நெஞ்சும் தோள் எலும்பும் மட்டும் தெரிகிற நிற்பு. பழைய துப்பாக்கி என்றால் அப்போதே சுட்டிருப்பேன். ஸ்கோப்பில் அதன் மூச்சு வெள்ளையாக வந்து வந்து போனது. திரும்பு, ஒரே ஒரு எட்டு திரும்பு — திரும்பியது. மறுபக்கமாக, மரத்துக்குள்ளே. போயிற்று.

கேம்ப்பில் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"நாப்பது கெஜம்," என்றான் ஆர்வோ. "நாப்பது கெஜத்துல நிக்குது, நீ வேடிக்கை பாத்துட்டு வந்திருக்க."

"நேரா நின்னுது."

"மேக்னமா இருந்தா நேரா நின்னா என்ன, தலைகீழா நின்னா என்ன? பிரெட், பரண்ல உன் பேரச் செதுக்கிக்க."

பிரெட் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் செய்தது சரி. சரிதான். அப்புறம் ஏன் அந்தக் கொம்பு கண்ணைவிட்டுப் போகவில்லை? இன்னொரு தடவை வருமா அது? வராது.

நவம்பர் 16

இரண்டு பெண் மான்கள், ஒரு நரி. கொம்பு இல்லை. தோள் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 17

காலையில் மேட்டிலிருந்து மேக்னத்தின் சத்தம். சதுப்பே அதிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. இரண்டாவது வெடி எப்போதுமே கெட்ட செய்தி; முதல் குண்டு சரியாகப் படவில்லை.

ஆர்வோ போனில் ஒரே வார்த்தை அனுப்பியிருந்தான்: "வா."

பிரெட்டும் நானும் போனபோது அவன் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் முடி, ஒரு எலும்புச் சில், ரத்தம் தாழ்வாகத் தெறித்த கோடு. முன்னங்கால், அதுவும் கீழே.

"பக்கவாட்டுலதான் நின்னுது டார்லா. அறுபது கெஜம்கூட இல்ல" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. மூன்று காலில் ஓடும் மானை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

கொஞ்ச நேரம் விட்டுப் பின்தொடர்ந்தோம். நான் முன்னால், ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு. பிரெட் பக்கத்தில், மரங்களைப் பார்த்துக்கொண்டு. ஆர்வோ பின்னால் வந்தான். ஓடைக்கு அப்பால் ஆல்டர் புதர்களில் மான் படுத்திருந்தது, எங்களைக் கண்டு எழுந்தது. எழுபது கெஜம், முழுப் பக்கவாட்டு. நான் ஒரு மரத்தில் சாய்ந்து, மூச்சை விட்டு, விசையை அழுத்தினேன். தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். புதருக்குள் சில எட்டு வைத்து விழுந்தது.

எட்டுக் கிளைக் கொம்பன். முதல் நாள் நான் விட்ட அந்தப் பெரியது இல்லை. ஆனாலும் நல்ல மான்.

எங்கள் கேம்ப் வழக்கம், முடித்த குண்டு யாருடையதோ மான் அவருடையது. ஆர்வோவே சொன்னான்: "உன் லைசென்ஸ் சீட்டக் கொம்புல கட்டு." நான் தயங்கினேன். இப்படிக் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "கட்டுன்னா கட்டு. நான் அதை நொண்டியாக்கினேன், அவ்வளவுதான் செஞ்சேன்."

இழுத்துக்கொண்டு வரும்போது பிரெட் மூச்சு வாங்கச் சொன்னான்: "டார்லா, எனக்கு அந்தப் பரண் வேணாம். நான் எப்பவுமே கேக்கல. அவர்தான்..."

"தெரியும். இழு."

நவம்பர் 18

மான் இறைச்சியைக் கிளெனும் பிரெட்டும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் விறகு எடுக்கப் போனேன். ஆர்வோ விறகுக் குவியல் மீது சும்மா உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமலே பேசினான்.

"விசைய அழுத்தறப்ப கண்ணு தானா மூடிக்குது. அந்த மேக்னம் சனியன வாங்கின நாள்ல இருந்து. பெருசா வாங்கினா தப்பாதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் வெடிச்சதுக்கப்புறம் கண்ணத் தொறந்து, மான் எங்கன்னு தேடறேன்."

"இத யார் யார்கிட்ட சொல்லியிருக்க?"

"உன்கிட்ட."

எனக்குக் கேலி பேச ஆயிரம் வந்தது. நுனி நாக்கில் இருந்தது. விறகை அள்ளிக்கொண்டு, "சாயங்காலம் ஸ்ட்யூ. உருளைக்கிழங்கு உரிக்க ஆள் வேணும்" என்றேன். வந்தான்.

நவம்பர் 24

கேம்ப்பிலிருந்து வந்து நாலைந்து நாளாக வேலை. இருபத்தெட்டாம் நம்பர் சாலை முழுக்கப் பனி. வண்டிப் படியில் ஏறும்போது இரண்டு கையாலும் பிடிக்கிறேன். தோள் முனகுகிறது, ஆனால் ஒத்துழைக்கிறது.

நவம்பர் 27

ஆர்வோ போன் செய்தான். பனி, சாலை, பிரெட்டின் வண்டி, எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்: "சனிக்கிழமை வேட்டைக்குக் கடைசி நாள். உன் பரண்ல ரெண்டு பேர் உக்கார எடம் இருக்குமா?"

"ஒல்லியா இருந்தா."

"உன் துப்பாக்கில கொஞ்சம் சுட்டுப் பழகணும் முன்னாடி. நாளைக்கு விருந்துக்கு வரப்போ கொண்டா."

நாளை வியாழன், நன்றியறிதல் நாள் வான்கோழி விருந்து. இரண்டு பெட்டி தோட்டா எடுத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 30

காற்றே இல்லை. பரணில் ஆர்வோவும் நானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் மேக்னத்தைக் கொண்டுவரவில்லை. என் துப்பாக்கியை அவன் மடியில் வைத்தேன். வெகுநேரம் ஒரு குருவியும் இல்லை, மானும் இல்லை. வாய்க்குள் ரொட்டியை மென்றுகொண்டு, சின்ன வயசில் அம்மாவுக்குத் தெரியாமல் ஐஸில் மீன் பிடிக்கப் போனதைப் பற்றிக் கிசுகிசுத்தான். நான் வாயை மூடச் சொன்னேன்.

மாலை வெளிச்சம் மங்குவதற்குச் சற்று முன் ஒரு கொம்பன் வந்தது. சின்னதுதான், ஆறு கிளை. சீடர் ஓரமாக நடந்து, நின்று, நிலத்தை முகர்ந்தது. பக்கவாட்டு. அவன் துப்பாக்கியைத் தூக்கினான். கட்டையில் அவன் கன்னம் மெல்லப் படிந்தது. நான் மானைப் பார்க்கவில்லை, ஆர்வோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடித்தது.

அவன் உடனே எழுந்திருக்கவில்லை. மேட்டில் என்றால் இதற்குள் இறங்கி ஓடியிருப்பான். துப்பாக்கியைப் பத்திரமாக என்னிடம் நீட்டிவிட்டு, கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"விழறதப் பாத்தேன், டார்லா," என்றான். "என் கண்ணால பாத்தேன்."